வன்னிக்கு எந்தக் கமரா? உடலைப் பார்க்காமல் லென்ஸைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்தால் வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வரத் தொடங்குவார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னரே தொலைபேசியில் கேள்வி வந்துவிடும்: "தம்பிக்குக் கமரா ஒண்டு கொண்டு வாறன், எது நல்லது?" இங்கிருந்து போகும் பதில் அநேகமாக "பெரிசாப் பார்த்து எஸ்.எல்.ஆர். கொண்டு வாங்கோ" என்பதுதான். எஸ்.எல்.ஆர். என்பது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கமரா. அப்படி வந்திறங்கும் கமராக்களில் பல, பெட்டியோடு வந்த 18-55 மி.மீ. ஸூம் லென்ஸை (மி.மீ. கூடினால் தூரத்தில் உள்ளது பெரிதாக விழும்) ஒருநாளும் கழற்றாமல் இரண்டு வருடம் கழுத்தில் தொங்கிவிட்டு, பிறகு அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. கொண்டுவந்தவரின் உழைப்பு வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கோயில், திருவிழா, குடும்பம், ஏ9 வீதிப் பயணம் என்று போகிறவருக்கு 1 அங்குலச் சென்சர் (ஒளியைப் படமாகப் பதியும் தகடு) உள்ள கொம்பக்ட், அதாவது லென்ஸைக் கழற்ற முடியாத சின்னக் கமராதான் பொருத்தம். குளத்துப் பறவைகளையும் காட்டு விலங்குகளையும் எடுக்கப் போகிறவருக்கு எஸ்.எல்.ஆர். வேண்டும், ஆனால் நீள லென்ஸோடு வேண்டும். எஸ்.எல்.ஆர். உடலும் பெட்டி லென்ஸும் மட்டும் என்று நிற்பதுதான் காசைக் கரைக்கிற வழி.

இதற்குக் கணக்கு இருக்கிறது. "1 அங்குலம்" என்பது பெயர்தான். அந்தச் சென்சரின் உண்மையான அளவு 13.2 இற்கு 8.8 மி.மீ., பரப்பளவு 116 சதுர மி.மீ. கெனனின் சாதாரண எஸ்.எல்.ஆர். சென்சர் 22.3 இற்கு 14.9 மி.மீ., அதாவது 332 சதுர மி.மீ. ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே எஸ்.எல்.ஆர். இருட்டில் மூன்று மடங்கு நல்லது என்று கடையில் சொல்வார்கள். லென்ஸைச் சேர்த்துப் பார்த்தால் கதை மாறும். எப் எண் என்பது லென்ஸின் மி.மீ. நீளத்தைத் துளையின் அகலத்தால் வகுத்தது; எண் சிறிதானால் துளை பெரிது. பெட்டியில் வரும் 18-55 லென்ஸ் அகலப் பக்கத்தில் (ஸூம் பண்ணாமல்) எப் 3.5 அல்லது எப் 4, நீளப் பக்கத்தில் (முழு ஸூமில்) எப் 5.6. கெனன் ஜி7 எக்ஸ் மார்க் 2 போன்ற கொம்பக்ட்டின் லென்ஸ் அகலப் பக்கத்தில் எப் 1.8, நீளப் பக்கத்தில் எப் 2.8. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க, எப் எண்ணைச் சென்சரின் பெருக்கத்தால் (பழைய 35 மி.மீ. பிலிமோடு ஒப்பிடச் சென்சர் எத்தனை மடங்கு சிறிது என்ற எண்) பெருக்க வேண்டும். 1 அங்குலத்துக்குப் பெருக்கம் 2.7, கெனன் எஸ்.எல்.ஆருக்கு 1.6. பெருக்கிய எண் சிறிதானால் வெளிச்சம் கூட. நீளப் பக்கத்தில் கொம்பக்ட்டுக்கு 7.6 வருகிறது, எஸ்.எல்.ஆருக்குக் கிட்டத்தட்ட 9. அகலப் பக்கத்திலும் கொம்பக்ட் 4.9, எஸ்.எல்.ஆர். 5.6 அல்லது அதற்கு மேல். வற்றாப்பளைப் பொங்கல் இரவில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் முகங்களை எடுக்க, 319 கிராம் நிறையுள்ள அந்தக் கொம்பக்ட், பெட்டி லென்ஸ் போட்ட எஸ்.எல்.ஆரை விடச் சற்றுக் கூடுதலாகவே வெளிச்சம் வாங்கும்.

எல்லாக் கொம்பக்ட்டும் அப்படியல்ல. 2012 இல் வந்த முதல் சொனி ஆர்எக்ஸ்100 அகலத்தில் எப் 1.8 ஆக இருந்தாலும் ஸூம் பண்ணினால் எப் 4.9 ஆகச் சுருங்கிவிடும். 240 கிராம்தான், விலையும் இறங்கியிருக்கும், ஆனால் இரவில் ஸூம் பண்ணக்கூடாது. இரண்டடி முன்னே போய் எடுக்க வேண்டும்.

எஸ்.எல்.ஆர். கொண்டுவருவது என்று முடிவாகிவிட்டால், இரவுக்கு 50 மி.மீ. எப் 1.8 லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். கெனனின் அந்த லென்ஸ் 160 கிராம் அளவுதான். இதே கணக்கில் அதற்கு 2.9 வருகிறது, 1 அங்குலக் கொம்பக்ட் எதுவும் அதற்குக் கிட்ட வராது. கோயில் வீதியில் பிளாஷ் இல்லாமல், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 1600, செக்கனில் 125 இல் ஒரு பங்கு என்று நின்று நிதானமாக எடுக்கலாம்.

இனிப் பறவை. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வங்காலை, சுண்டிக்குளம், நந்திக்கடல், கட்டுக்கரைக்குளம் என்று நீர்ப்பறவைகள் வந்திறங்கும். வங்காலை 2010 இல் ராம்சார் (சர்வதேச முக்கியத்துவமுள்ள) ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே பூநாரையைக் கிட்ட நின்று எடுக்க முடியாது. கிட்டப் போனால் கூட்டமே எழும்பிவிடும், எழுப்பவும் கூடாது. 100 மீற்றர் தூரத்தில் 1.3 மீற்றர் உயரமான பூநாரை ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். 55 மி.மீ. லென்ஸில் அது சென்சரில் 0.7 மி.மீ. உயரம்தான் விழும், படத்தின் உயரத்தில் இருபத்தொன்றில் ஒரு பங்கு. சொன்னால் நம்பமாட்டீர்கள், சின்னக் கொம்பக்ட்டின் முழு ஸூமிலும் பதினெட்டில் ஒரு பங்கு வரும். ஆக, பெட்டி லென்ஸோடு வங்காலைக்குப் போன எஸ்.எல்.ஆர். சட்டைப்பைக் கமராவிடம் தோற்கிறது. அதே உடலில் கெனன் 55-250 லென்ஸைப் போட்டால் பறவை 3.25 மி.மீ. உயரம் விழும், படத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதை வெட்டிப் பெரிதாக்கலாம், அச்சடிக்கலாம். அந்த லென்ஸ் 375 கிராம். நிக்கோன் டி3500 வைத்திருப்பவர் 70-300 ஏ.எப்-பி லென்ஸைப் பார்க்கலாம், 415 கிராம்.

இந்த இடத்தில் "40 மடங்கு ஸூம்" என்று பெட்டியில் அச்சிட்ட கொம்பக்ட்டைக் காட்டி, இதுவே போதும்தானே என்று கேட்பார்கள். கெனன் எஸ்எக்ஸ்740 ஐ எடுத்துக்கொள்வோம். அதே பூநாரை படத்தின் பாதி உயரத்துக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் அதன் சென்சர் 6.2 இற்கு 4.6 மி.மீ.; முழு ஸூமில் லென்ஸ் எப் 6.9. நீளத்தோடு ஒப்பிட அவ்வளவு சிறிய துளைக்குள்ளால் வரும் ஒளி விளிம்பில் வளைந்து, ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 9 மைக்ரோன் அகலமான வட்டமாக விரியும். சென்சரின் புள்ளி 1.2 மைக்ரோன்தான். ஆக ஒரு ஒளிப்புள்ளி ஏழு எட்டுச் சென்சர் புள்ளிகளின் அகலத்துக்குப் பரவி நிற்கும். 2 கோடிப் புள்ளி என்று பெட்டியில் போட்டிருப்பது அந்த முனையில் வெறும் எண். தொலைபேசித் திரையில் அழகாகத் தெரியும். கணினியில் திறந்தால் இறகெல்லாம் தண்ணீரில் கரைந்த சாயம் போல இருக்கும். என்ன பறவை என்று அடையாளம் காண இது போதும், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போதாது. ஸூம் இல்லாமல் அதே சின்னச் சென்சரோடு வரும் மலிவுக் கொம்பக்ட்டை வாங்கவே வேண்டாம். கையில் இருக்கும் நல்ல தொலைபேசி அதை வென்றுவிடும்.

பறவைக்கு இன்னும் இரண்டு விடயம். நிற்கும் பறவைக்குச் செக்கனில் 500 இல் ஒரு பங்கு, பறப்பதற்கு 1600 இல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது, அதற்காக ஐ.எஸ்.ஓ. 800 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். காலை ஒன்பது மணிக்குப் பிறகு உப்புத் தரைக்கு மேலே கானல் எழும்பத் தொடங்கும். அதற்குப் பிறகு எந்த விலை லென்ஸும் தெளிவாக எடுக்காது. லென்ஸ் பழுது என்று கொண்டுவந்து காட்டப்படும் படங்களில் உண்மையான குற்றவாளி பல தடவை இந்தக் கானல்தான்.

இங்கே தெரிவைத் தீர்மானிக்க வேண்டிய இன்னொன்று புழுதி. வெளிநாட்டுச் சஞ்சிகைகள் இதை எழுதுவதில்லை. சோளகம் வீசும் மாதங்களில் கிறவல் வீதியில் ஒரு வாகனம் போனால் செம்புழுதி அடங்கக் கனநேரம் எடுக்கும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் போய் வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கொம்பக்ட் மூடிய பெட்டி, புழுதி போகாது என்று நினைப்பது தவறு. அதன் லென்ஸ் குழல் ஒவ்வொரு முறை நீளும்போதும் சைக்கிள் பம் போலக் காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு தூசியும் போகும். உள்ளே போய்ச் சென்சரில் ஒட்டினால் வீட்டில் துடைக்க வழியில்லை; முழுக்கக் கழற்ற வேண்டும். அதைவிடக் கெட்டது மணல். குழல் வளையங்களுக்கு நடுவில் ஒரு மணி சிக்கினால் சின்ன மோட்டர் தள்ள முடியாமல் நின்று, திரையில் லென்ஸ் பிழை என்று காட்டும். அப்போது கையால் இழுக்கவோ திருப்பவோ வேண்டாம். நைலோன் பல்லுச் சக்கரம் உடைந்துவிடும். கமராவை நிறுத்தி, பற்றரியைக் கழற்றி, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, கையால் அமுக்கும் ரப்பர் ஊதியால் வளையம் வளையமாக ஊதிவிட்டுத் திரும்பப் போடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் போகும். இது நேராமல் இருக்க, காற்சட்டைப் பையில் வெறுமனே போடாமல் சிப் பூட்டுள்ள பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள். பைக்குள் இருக்கும்போது பொத்தான் அழுந்தி லென்ஸ் வெளியே வர முயல்வதும் மோட்டரைக் கெடுக்கும்.

எஸ்.எல்.ஆரில் ஆபத்து லென்ஸ் மாற்றும் நேரத்தில். கமராவை நிறுத்தி, லென்ஸ் பூட்டும் அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று மாற்ற வேண்டும். போடப்போகும் லென்ஸின் பின்மூடியை முதலே தளர்த்தி வைத்திருந்தால் ஐந்து செக்கனில் முடியும். பஸ், வான் ஓடிக்கொண்டிருக்கையில் மாற்றவே வேண்டாம். தூசி இருக்கிறதா என்று பார்க்க எப் 22 இல் வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ தெளிவு குலைத்து ஒரு படம் எடுங்கள். கறுப்புப் பொட்டுத் தெரிந்தால் அது சென்சரில் இருக்கிறது. படத்தின் மேல் பக்கம் தெரிவது சென்சரில் கீழ்ப் பக்கம் இருக்கும். கண்வைத்துப் பார்க்கும் துளையில் தெரிந்து படத்தில் தெரியாத தூசியைத் தொடாதீர்கள், அது படத்துக்கு ஒன்றும் செய்யாது. மெனுவில் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் இடம் இருக்கிறது. நிறையச் சார்ஜ் உள்ள பற்றரியோடு அதைச் செய்து ரப்பர் ஊதியால் ஊதினால் பெரும்பாலானவை போய்விடும். பாதியில் பற்றரி இறங்கினால் கண்ணாடியும் ஷட்டரும் (சென்சரை மூடித் திறக்கும் திரை) தாமாகவே மூடிக்கொள்ளும், அதனால்தான் நிறையச் சார்ஜ். அழுத்தக் காற்று அடைத்த டப்பாவால் அடிக்கக் கூடாது. அதன் திரவம் தெறித்துக் கறை பிடிக்கும்.

சிலர் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும் கமரா) கேட்கிறார்கள். கெனனும் நிக்கோனும் புதிய வேலையையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டன, டி3500 இன் உற்பத்தியும் நின்றுவிட்டது. நல்ல கமராக்கள்தான். ஆனால் லென்ஸைக் கழற்றினால் சென்சருக்கு முன்னால் கண்ணாடி இல்லை, பலவற்றில் ஷட்டரும் திறந்தே நிற்கும். புழுதி நேரே போய் விழும். எஸ்.எல்.ஆரில் லென்ஸ் பூட்டும் வாயிலிருந்து சென்சர் வரை 44 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமும் நடுவில் கண்ணாடியும் மூடிய ஷட்டரும் இருக்கின்றன. நம்முடைய வீதிகளுக்கு அந்தப் பழைய அமைப்புச் சாதகம். எஸ்.எல்.ஆரை விட்டு மாறுகிறவர்கள் விற்கும் லென்ஸ்கள் மலிவாகக் கிடைப்பது இன்னொரு சாதகம்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் கமராவைப் பின் பெட்டியில் போடாதீர்கள். அதிர்வுத் தடுப்புள்ள லென்ஸின் உள்ளே ஒரு கண்ணாடி மிதந்தபடி இருக்கிறது. மணிக்கணக்கான குலுக்கலில் அதன் தாங்கிகளும் திருகாணிகளும் தளரும். உடம்போடு சேர்த்து மாட்டுங்கள், உடம்பு அதிர்வைக் குடித்துவிடும். டி3500 உம் 18-55 உம் 70-300 உம் சேர்ந்தால் 1,035 கிராம். ஒரு நாள் முழுக்கத் தோளில் அது தாங்குமா என்று ஒரு கிலோ சீனிப் பையை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நடுப்பகல் வெயிலில் கொம்பக்ட்டின் திரை மங்கி ஒன்றும் தெரியாது. இது அதன் பெரிய குறை. கண்வைத்துப் பார்க்கும் துளை உள்ள மாதிரியைத் தேடுங்கள். நடுவெயிலில் நெற்றி நிழல் கண்ணில் விழுந்து முகம் கறுத்துப்போவதைத் தீர்ப்பதில் மட்டும் கொம்பக்ட் முந்தும். மேற்பிளாஷோடு இந்த ரக எஸ்.எல்.ஆர். செக்கனில் 200 இல் ஒரு பங்குக்கு மேல் போகாது, அதனால் வெயிலில் எப் 11 வரை சுருக்க வேண்டிவரும். அப்போது டி3500 இன் மேற்பிளாஷ் அறுபது, எழுபது சென்ரிமீற்றர்தான் எட்டும். இந்த ரகக் கொம்பக்ட்டில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 2000 இல் ஒரு பங்கு வரை பிளாஷோடு எடுக்கலாம், எப் 4 இல் நிற்கலாம், ஒரு கைநீளத்துக்கு அப்பால் நிற்கும் முகத்துக்கும் வெளிச்சம் போகும்.

பற்றரியில் எஸ்.எல்.ஆர். வெகுதூரம் முன்னே: டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம், ஜி7 எக்ஸ் மார்க் 2 வெறும் 265. கொம்பக்ட் கொண்டுவருகிறவர் கூடவே இரண்டு பற்றரி கொண்டுவரட்டும். ஆனால் டி3500 ஐ யூஎஸ்பியால் சார்ஜ் பண்ண முடியாது, கொம்பக்ட்டுகள் பலவற்றைப் பவர் பாங்கிலேயே ஏற்றலாம்.

மாரியில் பூஞ்சணம். ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேல் வாரக்கணக்கில் நின்றால் லென்ஸின் உள்ளே வேர் போலப் படரும். விட்டுவைத்தால் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. தோல் உறையும் துணிப்பையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவற்றுக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவதுதான் பூஞ்சணத்துக்கு விதை போடுவது. காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராம் அளவு, சின்ன ஈரமானி ஒன்று: 40 இலிருந்து 50 வீதத்துக்குள் வைத்தால் போதும். ஜெல் நிறம் மாறினால் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அரிசி மா வளையங்களுக்குள் போய் இன்னொரு பழுதைக் கொண்டுவரும். ஏசி வானிலிருந்து இறங்கியவுடன் கமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியெல்லாம் வியர்க்கும். பையை மூடியபடி இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள்.

பாவித்தது வாங்குகிறவர்கள் லென்ஸின் பின்பக்கத்தால் தொலைபேசி லைற்றை அடித்து முன்பக்கத்தால் பாருங்கள், பூஞ்சணம் சிலந்தி வலை போலத் தெரியும். கொம்பக்ட் என்றால் இருபது தடவை போட்டு நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் கரகரப்புக் கேட்கிறதா, முன்மூடித் தகடுகள் முழுக்கத் திறக்கின்றனவா என்று பாருங்கள். டி3500 இன் ஷட்டர் ஒரு இலட்சம் படத்துக்குக் கணக்கிட்டது. நிக்கோன் படக் கோப்பிலேயே இதுவரை எடுத்த எண்ணிக்கை பதிவாகியிருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். டி90, டி3000, டி3100 போன்ற பழைய உடல்களில் ஏ.எப்-பி லென்ஸ் வேலை செய்யாது என்பது தெரியாமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் விற்பதற்கென்று செய்த சொனி கமராக்களில் மெனு ஜப்பான் மொழியில் மட்டுமே இருக்கும், மாற்ற முடியாது. மலிவு என்று பாயாமல், கொண்டுவருகிறவரை முதலில் மெனுவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எந்தக் கமரா என்றாலும் வீதியோரத்தில் மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு நாடாவோ கண்ட இடத்தில் படத்துக்காகப் பாதையை விட்டு ஒரு அடிகூட இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. படைமுகாம் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். முள்ளிவாய்க்காலில் மே 18 அன்று விளக்கேற்றி அழுகிற தாயின் முகத்துக்கு நேரே நீள லென்ஸை நீட்டுவது, அனுமதி கேட்காமல் வீட்டுக்குள் போவது போன்றது. கேட்டு, அவர் தலையசைத்தால் மட்டும் சின்னக் கமராவால் ஒரு படம் எடுங்கள். கண்ணாடி அடிக்கும் சத்தமும் இராது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கங்களில் பூநாரைக் கூட்டத்தையோ இரணைமடு வான் பாய்வதையோ பெரிதாகப் போடும்போது, எந்தக் கமரா, எத்தனை மி.மீ. லென்ஸ், எவ்வளவு தூரம் என்று படத்தின் கீழே ஒரு வரி சேருங்கள். எடுத்தவர்கள் சந்தோசமாகச் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து "எது கொண்டு வரட்டும்?" என்று கேட்பவருக்கு அந்தப் பக்கத்தை வெட்டி அனுப்பலாம்.

இப்படிக்கு,
வன்னியில் கமரா திருத்துவோரும் படம் எடுப்போருமான சிலர்,
கிளிநொச்சி.